குழம்புப் பொடி கங்குக்கு ஆகாது

மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டிக் கறி சுடும் வழக்கம் சென்னை, கோவையோடு நின்றுவிடாமல் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களுக்கும் வந்துவிட்டது. அடுப்பும் கம்பி வலையும் கடையில் கிடைக்கின்றன. கரிக்கும் கறிக்கும் பஞ்சமில்லை. மசால் மட்டும் பெரும்பாலும் சமையலறை டப்பாவிலிருந்தே வருகிறது: குழம்புக்கென மில்லில் திரித்து வைத்த பொடி, அல்லது அதோடு இரண்டு கரண்டி கடைத் தந்தூரி மசாலா. கறி கங்குமேல் ஏறிய சில நிமிடங்களில் பொடி கறுக்கிறது, கசப்பு ஏறுகிறது, உள்சதையோ சப்பென்று இருக்கிறது. பழி தீயின்மேல் போகும், இல்லாவிட்டால் ஆட்டின் வயதின்மேல். நேற்றுக் குழம்பில் மணத்த பொடிதானே என்பதால் பொடியை யாரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். தண்ணீரில் கொதிக்கப்போகும் மசாலுக்கும் கனலை நேரே பார்க்கப்போகும் மசாலுக்கும் வேலை வேறு. வேலை வேறென்றால் சேர்மானமும் வறுக்கிற விதமும் பொடிக்கிற பருமனும் வேறாகத்தான் இருக்க முடியும். சுட்ட கறிக்கான பொடிக்கு முன்மாதிரி வேண்டுமானால் இந்த வட்டாரத்தின் உப்புக்கண்டத்தில் தேட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

குழம்புப் பொடி எளிதில் குறை சொல்லிவிடக்கூடிய பொருளல்ல. பல தலைமுறை அனுபவம் அதில் இருக்கிறது. தென் மாவட்டத்து வீடுகளில் வற்றல் ஒரு பங்கென்றால் மல்லி இரண்டு பங்கு, சில வீடுகளில் அதற்கும் மேல். கூடவே சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, ஒரு பிடி அரிசி. தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, மில்லில் மாவாகத் திரிப்பார்கள். இதில் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் தண்ணீர். குழம்பு கொதிக்கும்போது அதன் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். எவ்வளவு விறகு தள்ளினாலும் தண்ணீர் இருக்கும்வரை அதைத் தாண்டாது. வறுபட்ட மணம் என்று நாம் சொல்வது புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும்போது பிறப்பது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912-ல் விவரித்த வினை அது. கொதிநீரில் அது மிக மெதுவாகத்தான் நடக்கும். 140 டிகிரியை நெருங்கினால்தான் வேகம் பிடிக்கும். குழம்புக்குள் போன மல்லிக்கு அந்தச் சூடு கிடைக்கவே கிடைக்காது. ஆகவே முன்கூட்டியே வாணலியில் வறுத்து, மணத்தை உண்டாக்கி, பொடிக்குள் அடைத்துவிடுகிறோம். பருப்பும் அரிசியும் மல்லியின் நாரும் தண்ணீரை உறிஞ்சிக் குழம்பைக் கெட்டிப்படுத்துகின்றன. நாவில் நெருடாமல் கரைய வேண்டும் என்பதற்காக மாவுப் பதம். தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான பொடி இருக்க முடியாது.

கங்குமேல் தண்ணீர் இல்லை. நன்றாகக் கனன்ற கரிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கம்பி வலையின் சூடு 200 டிகிரியை எளிதாகத் தாண்டும். கறியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஈரம் வற்றியதும் அங்கே ஒட்டியிருக்கும் பொடிதான் முதலில் காய்கிறது. ஏற்கெனவே வாணலியில் ஒருமுறை வறுபட்ட மல்லியும் வெந்தயமும் இங்கே இரண்டாம் முறை வறுபடுகின்றன. வெந்தயம் கொஞ்சம் கூடுதலாக வறுபட்டாலே கசக்கும் என்பது வீட்டில் தாளிக்கிற எல்லோருக்கும் தெரியும். பருப்பும் அரிசியும் உறிஞ்சுவதற்குத் தண்ணீரில்லாமல் வெறும் மாவுச்சத்தாகக் கருகுகின்றன. மாவுப் பதமும் எதிரியாகிறது: பொருள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு விரைவில் சூடேறும், அவ்வளவு விரைவில் எரியும். உதிர்ந்து கங்கில் விழும் பொடியின் புகை கண்ணைக் கரிப்பது தனிக்கதை. குழம்பில் நற்குணமாக இருந்த மூன்றும், அதாவது முன்வறுவல், கெட்டிப்படுத்தும் பருப்பு, மாவுப் பதம், கங்கில் குற்றங்களாகின்றன. தீயைக் குறைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். குறைத்தால் கருகல் குறையும். ஆனால் மணமில்லாத, மாவு ஒட்டிய கறி கிடைக்கும். மணத்தைத் தரவேண்டிய வறுவல் முன்னமே முடிந்துவிட்டது, புதிதாகத் தர அந்தப் பொடியிடம் ஒன்றுமில்லை.

சரி, வேறு எந்த மசால்? வெளிநாட்டுச் செய்முறைகளைப் புரட்டுவதற்கு முன் உள்ளூரைப் பார்க்கலாம். பொருநராற்றுப்படை கம்பியில் கோத்துச் சுட்ட ஊனைப் பேசுகிறது. சுட்ட கறி நமக்கு நேற்று வந்ததல்ல. விஜயநகரக் காலத்தையொட்டி ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து ராஜபாளையத்தில் குடியேறிய தெலுங்கு பேசும் ராஜுக்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய் வளர்த்தவர்கள். அந்த வெள்ளை நாய்தான் ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. மேற்கே மலை, கையில் வேட்டைநாய், ஐஸ் இல்லாத காலம். ஒரே நாளில் தின்று தீராத கறியை உப்பும் மசாலும் தடவி உலர்த்துவது இப்படிப்பட்ட ஊர்களில் பிழைப்பின் தேவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சாம்பல்நிற அணில் சரணாலயமானது, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமானது. வேட்டை போனாலும் உப்புக்கண்டம் போகவில்லை, ஆட்டுக்கறிக்கு மாறிக்கொண்டது. கறியை வார்வாராகக் கீறி, உப்பு, மஞ்சள், வற்றல் பொடி, இடித்த பூண்டு பிசறி, கயிற்றில் கோத்து, நல்ல வெயிலில் நாலைந்து நாள் காயவிடுவார்கள். பிறகு எண்ணெயில் பொரிப்பார்கள், அல்லது கங்கில் வாட்டித் தட்டித் தின்பார்கள். பெரும்பாலான வீடுகளின் உப்புக்கண்டத்தில் மல்லி கிடையாது, பருப்பு கிடையாது, வெந்தயம் கிடையாது. மல்லிப்பொடி இல்லாமல் அடுப்பு மூட்டாத அதே வீடுகளில்தான் இப்படி. தண்ணீரில்லாத இடத்தில் மல்லிக்கு வேலையில்லை என்பதை யாரும் வேதியியல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கைப்பழக்கத்தில் கண்டுகொண்டார்கள். நாட்டுக்கோழியை மஞ்சள் பூசி, வைக்கோலிலோ பனையோலையிலோ தீ மூட்டி வாட்டுவதும் இதே இனம். மயிர் கருக்கத்தான் அந்த வேலை என்றாலும், தோலில் ஏறும் புகைமணத்துக்காகவே இன்றும் பலர் அப்படிக் கேட்டு வாங்குகிறார்கள். தலைக்கறியும் காலும் வாட்டுவதில் இப்போது கேஸ் துப்பாக்கி வந்துவிட்டது. மயிர் போகிறது, மணம் வருவதில்லை.

உப்புக்கண்டம் சொல்லித்தரும் முதல் பாடம், பெயரிலேயே முன்னால் நிற்கும் உப்பு. சுட்ட கறியில் வேலை செய்வது உப்பு. மசால் மேலே உட்கார்ந்திருக்கிறது. உப்பு தண்ணீரில் கரைந்து சிறு அயனிகளாகப் பிரிவது. கறிமேல் தூவியதும் முதலில் சதையிலிருந்து நீரை வெளியே இழுக்கும், அந்த நீரில் கரையும், பிறகு மெல்ல உள்ளே இறங்கும். உள்ளே போனதும் தசைப் புரதத்தைத் தளர்த்தி, வேகும்போது நீரைப் பிடித்துவைக்கச் செய்யும். கறி சாறாக இருப்பது இதனால். மிளகாயின் காரம், நிறம், மஞ்சளின் சாயம், மிளகின் உறைப்பு எல்லாம் கொழுப்பில் கரைபவை. பெரும்பாலும் நீரால் ஆன சதைக்குள் அவை ஆழமாகப் போவதில்லை. இரவு முழுக்க மசாலில் ஊறிய கோழித்தொடையை எலும்பை ஒட்டிக் கிள்ளித் தின்று பார்த்தால் உப்பு தெரியும், மிளகாய் தெரியாது. ஆகவே உப்பைப் பொடியோடு கலந்து வைப்பது முதல் தவறு. கலந்துவிட்டால் காரம் குறைவாக வேண்டியவருக்கு உப்பும் குறையும். காரம் கூட்டினால் உப்புக் கரிக்கும். ஒரு கிலோ கறிக்கு 10 முதல் 15 கிராம் உப்பு என்று எடைபோட்டு முதலில் தடவ வேண்டும். கரண்டிக் கணக்கு உதவாது, ஏனென்றால் ஒரு கரண்டி தூளுப்பும் ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரே எடையில்லை. கோழித் துண்டுகளுக்கு நாலைந்து மணி நேரம், ஆட்டுத்தொடை முழுசாக இருந்தால் ஒரு இரவு. இந்த ஊர் வெயிலில் வெளியே வைத்து ஊறவிடுவது ஆபத்து, குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். பொடி தடவுவது சுடுவதற்குச் சற்று முன்னால் போதும்.

மல்லியைப் பற்றிச் சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டாமல் வாதம் நிற்காது. தென்னாப்பிரிக்காவின் பில்டாங் உலகறிந்த உலர்கறி, ஒருவகையில் நம் உப்புக்கண்டத்தின் உறவு. அதன் உயிரே மல்லி விதை. கேரளம் வழியாகத் தென்காசி, ராஜபாளையம் சாலையோரக் கடைகளுக்கு வந்துசேர்ந்த அரபுநாட்டு அல்ஃபஹம் கோழியின் மசாலிலும் மல்லி விதை இருக்கிறது. பெயரே கரி என்று பொருள்படும் உணவு அது. நியூயார்க்கின் பஸ்ட்ராமி மாட்டிறைச்சி மிளகும் மல்லியும் போர்த்திப் புகையில் வைக்கப்படுவது. இத்தனை பேர் தவறு செய்கிறார்களா? இல்லை. மூன்றிலும் மல்லி ஒன்றிரண்டாக உடைத்ததாகவோ கொரகொரப்பாக இடித்ததாகவோ இருக்கிறது, மாவாக இல்லை. பில்டாங் தீயையே பார்ப்பதில்லை, வினிகரில் நனைந்து காற்றில் உலர்கிறது. பஸ்ட்ராமி பல மணி நேரம் இளஞ்சூட்டுப் புகையில் இருந்துவிட்டுப் பிறகு ஆவியில் வேகிறது. அல்ஃபஹம் எண்ணெயும் எலுமிச்சையும் சேர்ந்த ஈரமசால். ஆகவே வாதத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும்: தள்ளவேண்டியது மல்லி என்ற பொருளை அல்ல, வறுத்துத் திரித்த மல்லி மாவை, அதுவும் மசாலில் பாதிக்குமேல் அதுவே நிறைந்திருப்பதை. பச்சையாக, ஒன்றிரண்டாக உடைத்த மல்லி பத்தில் ஒரு பங்கு இருந்தால் கெடுதலில்லை. பல்லில் கடிபடும்போது எலுமிச்சை போன்ற ஒரு வாசம்கூடக் கிடைக்கும். இந்தத் திருத்தம் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. எந்தப் பொருள் என்பதைவிட, எந்தப் பருமனில், எந்தச் சூட்டுக்கு என்பதே தீர்மானிக்கிறது.

வற்றலுக்கு வருவோம். இந்த விஷயத்தில் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நாளிதழ்களில் விருதுநகர் சந்தை நிலவரம் என்று வற்றல், மல்லி, பருப்பு விலை அச்சாகும் ஊர் பக்கத்தில். சம்பா வற்றலும் முண்டு வற்றலும் விளையும் கரிசல் கிழக்கே. சம்பா நீளம், ஒல்லி, காரம் கூடுதல்; சாத்தூர்ப் பக்கத்து மிளகாய்க்குப் பெயரே உண்டு. முண்டு உருண்டை, தோல் தடித்தது, காரம் கொஞ்சம் அடக்கம். ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கங்குக்கு முண்டுதான் என்பது என் முடிவு. தடித்த தோலில் சதைப்பற்று அதிகம்; கொரகொரப்பாக உடைத்தால் சட்டென்று கருகாமல் வறுபட நேரம் எடுத்துக்கொள்ளும். சம்பாவின் மெல்லிய தோல் குழம்புக்கும் தாளிப்புக்கும் அருமை, தீயில் முதலில் கறுப்பது அதுதான். அமெரிக்கச் செய்முறைகளை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு செய்பவர்கள் சறுக்கும் இடமும் இது. அவர்கள் கரண்டி கரண்டியாகப் போடும் பாப்ரிகா காரமே இல்லாத சிவப்புப் பொடி. நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும் சேர்ப்பது. அந்த அளவில் நம் வற்றலைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. நிறம் வேண்டுமானால் கர்நாடகத்துப் பியாடகி மிளகாயைக் கொஞ்சம் சேர்க்கலாம். இன்னொன்று: மிளகாயே போர்த்துகீசியரோடு பதினாறாம் நூற்றாண்டில் வந்ததுதான். அதற்கு முன்பு இங்கே சுட்ட கறிக்கு உறைப்புத் தந்தவை மிளகும் திப்பிலியும். மிளகு சூட்டை மிளகாயைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே கங்குப் பொடியில் மிளகின் பங்கைக் குழம்புப் பொடியில் இருப்பதைவிடப் பல மடங்கு கூட்டுவதில் புதுமை ஒன்றுமில்லை, பழையதற்குத் திரும்புவதுதான்.

வறுக்காமல் பொடித்தால் பச்சை வாசம் வராதா என்பது அடுத்த கேள்வி. தீ வறுக்கும் என்பது பதிலின் பாதி. மறுபாதி ஈரம். வற்றலில் ஈரம் இருந்தால் இடிபடாது, பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையோடு அஃப்ளாடாக்சின் நஞ்சும் வரும். அதற்கு வாணலி தேவையில்லை, ராஜபாளையத்து வெயில் போதும். காம்பு கிள்ளி, இரண்டு நாள் காயவைத்தால் முண்டு குலுக்கும்போது விதை கலகலக்கும். சீரகத்துக்கும் மிளகுக்கும் சூடேறிய சட்டியில் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு புரட்டு, அவ்வளவுதான். மில்லுக்குக் கொடுப்பதில் இரண்டு கெடுதல்: மாவாகத்தான் திரித்துத் தருவார்கள், திரிக்கும்போதே பொடி தொடமுடியாத சூடாகி, காற்றில் பறக்கும் எண்ணெய்கள் பறந்துவிடும். மில்லைக் கடந்து போகும்போது தெரு முழுக்க மணக்கிறதே, அந்த மணம் டப்பாவில் இருக்கவேண்டியது. கால் கிலோ, அரைக் கிலோவுக்கு உரலே போதும். இல்லையென்றால் மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டி, ரவைப் பதத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சலித்துக் கிடைக்கும் மாவைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, சல்லடையில் நிற்பதைக் கங்குக்கு வைத்துக்கொண்டால் எதுவும் வீணாகாது. மஞ்சளும் சுக்கும் மட்டும் விதிவிலக்கு: இரண்டும் மாவாகத்தான் இருக்க வேண்டும், கொரகொரப்பாக இருந்தால் பல்லில் மண்ணாகப் படும்.

சர்க்கரை பற்றி அமெரிக்கச் செய்முறைகளும் நம் பழக்கமும் நேர் எதிர். டெக்சஸ், மெம்பிஸ் பாணிகளைப் படிப்பவர்கள் பழுப்புச் சர்க்கரையை அள்ளிப் போடுவதைப் பார்த்துவிட்டு இங்கே கருப்பட்டியைப் போடுகிறார்கள். உண்மையில் டெக்சஸ்காரர்கள் பலர் உப்பும் மிளகுமே போதும் என்பவர்கள், சர்க்கரை மெம்பிஸ், கான்சாஸ் பக்கத்து வழக்கம். அங்கேயும் அது நேர்க் கங்குக்கு அல்ல. மூடிய அடுப்பில், தீ ஒரு பக்கமும் கறி மறுபக்கமுமாக, 110, 120 டிகிரியில் எட்டு, பத்து மணி நேரம் புகையில் வைக்கும் பன்றித்தோளுக்கு. அந்தச் சூட்டில் சர்க்கரை எரியாது. மெல்லப் பழுத்து, கறிக்கு மேலே கறுஞ்சிவப்புப் பட்டையாகப் படியும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைப் பால்கோவாவைக் கொண்டு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பாலும் சர்க்கரையும் நிதானத் தீயில் கிண்டிக் கிண்டி நிறம் மாறுவதுதான் புவிசார் குறியீடு வரை போன அந்தப் பண்டத்தின் ரகசியம், கிண்டுவதை நிறுத்திவிட்டுத் தீயைத் தூக்கினால் அடிப்பிடித்த வாடைதான் மிஞ்சும். நேர்க் கங்கில் கறியைக் கிண்ட முடியாது. கருப்பட்டியின் நிலைமை இன்னும் மோசம். வெள்ளைச் சர்க்கரையைவிடக் கீழான சூட்டிலேயே அது கறுக்கத் தொடங்கும். இனிப்பு வேண்டும் என்பவர்கள் கருப்பட்டியைப் பாகாக்கி, எலுமிச்சைச் சாறு விட்டு, இறக்குவதற்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பூசிக்கொள்ளட்டும். பொடிக்குள் அது வரக்கூடாது.

பொடியைப் பற்றிப் பேசும்போது விறகைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் புகையும் ஒரு மசால்தான். அமெரிக்கத் தென்மேற்கில் கறி சுடுபவர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரமும் நம் ஊரில் எல்லோரும் சபிக்கும் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம். அதன் இலத்தீன் பெயர் புரோசாபிஸ். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அழிக்கச் சொன்ன மரத்தின் அக்காள்மகனை டெக்சஸில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். நம் கரிமூட்டங்களில் வேகும் கரி பெரும்பாலும் இந்த மரமே. நன்றாக வெந்த கரியாக இருந்தால் சூடு அதிகம், புகை குறைவு, கங்கு நின்று எரியும். பச்சை விறகாகவோ அரைவேக்காட்டுக் கரியாகவோ போட்டால் அதன் புகை கசப்பும் காட்டமுமாக இருக்கும். சீரகம், சோம்பு போன்ற மென்மையான மணங்களை விழுங்கிவிடும். அதனால் சீமைக்கருவேலக் கங்குக்கு மிளகும் வற்றலும் தூக்கலான பொடி பொருந்தும். ராஜபாளையத்து மாந்தோப்புகளில் கவாத்து செய்து காய்ந்த கிளை கிடைத்தால், அதன் மிதமான புகையில் சோம்பு எழுந்து நிற்கும். கொட்டாங்குச்சிக் கரி நடுநிலை, சூடு தரும், மணம் தராது. புகை ஈரமான, குளிர்ந்த பரப்பில்தான் நன்றாகப் படியும். கறி பாதி காய்ந்த பிறகு புகை போடுவதில் பயனில்லை, முதல் அரைமணி நேரமே புகைக்கான நேரம். ஒரு எச்சரிக்கை: வேலியில் கிடக்கிறதே என்று அரளிக் குச்சியை எரிக்கவோ அதில் கறி கோக்கவோ கூடாது. அது விஷம்.

நம் ஆட்டுக்கு உலர்மசால் ஒத்துவராது, தயிரும் பப்பாளிக்காயும் போட்டு ஊறவைத்தால்தான் பல் இறங்கும் என்பார்கள். இதில் பாதி உண்மை. அமெரிக்கர்கள் சுடும் பன்றித்தோளிலும் மாட்டு நெஞ்சுக்கறியிலும் கொழுப்பு ஓடிக்கிடக்கும். கரிசல் காட்டில் மேய்ந்த கன்னி ஆட்டிலோ வேம்பூர்ச் செம்மறியிலோ அப்படியில்லை. ஆனால் தயிரும் பப்பாளியும் மேல்பரப்பைத்தான் இளக்குகின்றன. பப்பாளி கூடினால் மேலே கூழும் உள்ளே கட்டையுமாக ஆகும். கறியின் கடினத்துக்குக் காரணம் தசைகளைக் கட்டிப்போடும் கொலாஜன் நார். 70 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் அது இளகிப் பசையாகும். முற்றிய ஆட்டுத்தொடைக்கு வேண்டியது தீயை ஒதுக்கி, மூடி போட்டு, மூன்று நான்கு மணி நேரப் பொறுமை. கொழுப்பில்லாத குறையை எண்ணெய் ஈடுசெய்யும்: பொடியைக் கடலெண்ணெயில் குழைத்துப் பூசினால் மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் இறங்கிப் பரவும், பொடியும் உதிராது. கோழிக்கும் குட்டி ஆட்டின் விலாவுக்கும் தயிர் வேண்டியதே இல்லை. தயிர் சேர்த்தால் பரப்பில் ஈரம் நீடிக்கும், பழுப்பேற நேரமாகும்; அது தந்தூருக்கு ஏற்ற வழி, அங்கே சூடு மிகமிக அதிகம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கடையில் பொட்டலம் இருக்கிறதே என்றால், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பின்பக்கம் படித்துப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலானவற்றில் உப்பு கலந்தே இருக்கும்; அப்போது உப்பின் அளவு நம் கையில் இல்லை. கடைவாசல் கிரில் கோழியின் செக்கச்செவேல் நிறத்தை எந்த வற்றலும் தராது. அது சாயம். கர்நாடக அரசு 2024 ஜூனில் கபாப்களில் செயற்கை நிறத்தைத் தடை செய்தது காரணமில்லாமல் அல்ல. அதே ஆண்டு ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு காரணமாக இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றை விற்பனையிலிருந்து விலக்கின. எல்லாப் பொட்டலமும் கெட்டது என்பது என் கட்சியல்ல. முழுதாக வாங்கிய மிளகையும் வற்றலையும் கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம், பொடியைப் பொறுக்க முடியாது.

உடல்நலம் பற்றிய மறுப்பைச் சுருக்கமாக ஏற்றுக்கொண்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் உப்பிட்ட, புகையிட்ட, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் சேர்த்தது. உப்புக்கண்டத்துக்கு அதிலிருந்து விலக்குக் கேட்க முடியாது. கொழுப்பு கங்கில் சொட்டி எழும் புகையும் கருகிய பரப்பும் தீங்கானவை. கருகாத பொடியும் ஒதுக்கிய தீயும் அந்தத் தீங்கைக் குறைக்கும், நீக்காது. மாதம் ஒரு நாள் உணவாக இருக்கட்டும். வாரம் மூன்று நாளுக்கு நம் குழம்பு இருக்கிறது.

இத்தனையையும் வைத்து ஒரு சேர்மானம் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்வேன். நூறு கிராம் பொடிக்கு முண்டு வற்றல் 40, மிளகு 25, சீரகம் 15, சோம்பு 10, சுக்கு 5, மஞ்சள் 5 கிராம். மல்லி வேண்டுமென்பவர்கள் சோம்பைப் பாதியாக்கிவிட்டு உடைத்த மல்லி 5 கிராம் சேர்க்கலாம். வெந்தயம், பருப்பு, அரிசி, கறிவேப்பிலை, கருப்பட்டி, உப்பு எதுவும் உள்ளே வேண்டாம். பூண்டு பச்சையாக இடித்து, உப்போடு சேர்த்து முதலிலேயே கறியில் தேய்த்துவிட வேண்டும். சுடுவதற்கு முன் திப்பியை வழித்துவிட்டால் கருகாது. உப்பு இறங்கிய ஒரு கிலோ கறிக்கு இந்தப் பொடி 15 முதல் 20 கிராம் போதும், இரண்டு கரண்டி கடலெண்ணெயில் குழைத்துப் பூசலாம். கோழி எலும்போரம் 74 டிகிரி தொட்டால் இறக்கலாம். மாசி, பங்குனியில் புது வற்றல் சந்தைக்கு வரும். அப்போது முண்டு கால் கிலோ வாங்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். பொடியை மட்டும் நூறு கிராமுக்குமேல் இடித்து வைக்காதீர்கள். வறுக்காத பொடிக்கு ஒரு மாதத்தில் மணம் இறங்கிவிடும்.